மெயினை அணைத்த பிறகும்

என் அன்பு மாப்பிள்ளை சரவணனுக்கு,

நீ போய் ஐந்து மாதமாகிறது. நம் பூண்டி மலையில் வெள்ளைப்பூண்டு எடுத்து முடித்துவிட்டார்கள். நம் சோலார் கடையை நான் இன்னும் திறக்கவில்லை. எந்த முகத்தோடு திறப்பேன்?

அன்று அந்தச் சுற்றுலா விடுதியின் தகரக் கூரையில் நீ ஏறினாய். சோலார் பேனலில் குரங்கு கடித்த வயரை மாற்றும் வேலை. ஒரே மூடுபனி. "மெயின அமத்திட்டேன் மாப்ளே, தைரியமா கை வை" என்று கீழிருந்து கத்தியது நான்தான்.

"பேனல மூட வேணாமா மச்சான்?"

"வெயிலே இல்ல, எதுக்கு? வெரசா முடி. தங்குறவுக வந்துருவாக."

மெயினை அணைத்தாலும் பகல் வெளிச்சம் இருக்கும்வரை பேனலில் மின்சாரம் இருக்கும்; வெளிச்சம் படாமல் மூடிவிட்டுத்தான் தொட வேண்டும். வீடு வீடாக நாம் சொல்லிக்கொடுத்ததுதானே அது? சட்டென்று பனி விலகி வெயில் அடித்தது. ஈரத் தகரத்தில் நீ முழங்கால் ஊன்றியிருந்தாய். உன்னிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. நான் மேலே ஏறி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

நீதான் கவனமில்லாமல் வயரைத் தொட்டாய் என்று ஊர் பேசியது. நான் வாயைத் திறக்கவில்லை. உன் காரியம் முடிந்த மறுநாள் ஈஸ்வரி கேட்டாள்: "மெயின அமத்தியிருந்தா அவுகளுக்கு எப்படிண்ணே ஷாக் அடிச்சுச்சு?"

கூடப் பிறந்தவளிடம் அதற்குமேல் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"மூடணுமான்னு அவுக கேட்டாகளா?"

"கேட்டாப்ல."

எழுந்து உள்ளே போனவள்தான். அதன்பின் அவள் என்னிடம் பேசவில்லை. நானாக இருந்தால் மட்டும் பேசியிருப்பேனா?

போன வாரம் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். உங்கள் வீட்டுக் கூரையில் நீ மாட்டிய பேனல்களைக் கழற்ற வேண்டுமாம். போனேன். தார்ப்பாய் போட்டு மூடி, இறுகக் கட்டி, ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.

இறங்க ஏணியில் கால் வைத்தபோது குனிந்து பார்த்தேன். அவள் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பியிருந்தாள்.

"பாத்து எறங்குண்ணே" என்றாள்.

அந்த ஒரு சொல்தான். மன்னித்தாள் என்று அதற்கு அர்த்தம் இல்லை, எனக்குத் தெரியும்.

கடையைத் திறக்கப்போகிறேன் மாப்ளே. மூடாத பேனலில் இனி யாரையும் கைவைக்க விடமாட்டேன். ஏன் என்று கேட்பவர்களிடம் உன் பெயரைச் சொல்வேன். என் தப்பையும் சேர்த்தே சொல்வேன்.

உன் சொல்லைக் கேட்காத மச்சான்,
முருகேசன்