வளைவில் தூக்கிய கை

பினாங்கு
9-2-1936

அன்புள்ள அண்ணன் ஆர்தர் அவர்களுக்கு, தங்கை ரீத்தா எழுதுவது.

அந்தக் கோப்பை உங்களுடையது அல்ல. கெலுகோர் மேட்டுப் பந்தயத்தில் காரை ஓட்டியது அப்பா. இது நம் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். இனிமேல் உங்களிடம்கூட இதைப் பேசாமல் இருக்க என்னால் முடியாது.

நீங்கள் அனுப்பிய காலண்டர் வந்து சேர்ந்தது. சிங்கப்பூரில் உங்கள் கார் கம்பெனி வழவழப்பான தாளில் போட்டிருக்கிறது. தோல் தொப்பியும் கண்ணாடியும் மாட்டிய ஆள், இடது கையை மேலே தூக்கியபடி வளைவில் திரும்புகிறார். ‘ஜனங்களுக்குக் கையசைக்கும் வெற்றிவீரர் திரு. ஆர்தர்’ என்று கீழே எழுத்து. அப்பா எழுந்து வந்து, தன் கையாலேயே ஆணி அடித்துக் கட்டிலுக்கு எதிரே மாட்டினார். இரண்டு அடி அடித்ததற்குக் கால் மணி நேரம் இருமினார்.

அது கையசைப்பா அண்ணே? அப்பா பொம்பா வண்டி ஓட்டி நெருப்பணைக்கப் போகும்போது வளைவுக்கு வளைவு மணி அடிக்க வேண்டும். மணிக்கயிற்றை இழுப்பது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் காஜா மொய்தீன் மாமாவின் வேலை. அப்பாவுக்கு அவர்மேல் நம்பிக்கை கிடையாது. ஒரு கையால் வண்டியை ஒடித்துக்கொண்டு, மறு கையால் தானே எட்டி இழுப்பார். முழங்கை மாமாவின் பித்தளைத் தொப்பியில் ணங்கென்று இடிக்கும். பதினோரு வருஷம் இதற்காக இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். பந்தயத்தன்று வளைவில் அத்தனை ஜனத்தைப் பார்த்ததும் அந்தக் கை தானாக எழும்பி, இல்லாத கயிற்றைத் தேடியிருக்கிறது. அதைத்தான் படம் பிடித்துவிட்டார்கள்.

நீங்கள் பயந்ததை நான் குற்றம் சொல்லவில்லை. சீன முதலாளி தவுக்கே உங்களை நம்பித் தன் காரைக் கொடுத்தார். நீங்கள் கொட்டகைக்குப் பின்னால் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தீர்கள். யாருக்கும் நடக்கக்கூடியதுதான். துரைமாரும் தவுக்கேமாரும் கயிற்றுக்கு உள்ளே நாற்காலியில் இருந்தார்கள். நாங்கள் கயிற்றுக்கு வெளியே வெயிலில் நின்றோம். அப்பா உங்களைத் தேடிக் கொட்டகைக்குப் பின்னால் வந்தார். உங்கள் கோட்டையும் தொப்பியையும் கண்ணாடியையும் கழற்றித் தான் போட்டுக்கொண்டார். பந்தயம் முடிந்து திரும்பி வந்து அவற்றை உங்களிடம் கொடுத்துவிட்டு, ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து, மூச்சுக்கு வாயைத் திறந்தபடி சிரித்தார். சாப்பாட்டுக் கேரியரோடு நான் பக்கத்தில் நின்றேன். அம்மா உயிரோடு இருந்த காலத்தில்கூட அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு நாம் வாயை மூடியதில் நியாயம் இருந்தது. ‘நுரையீரல் கெட்டுவிட்டது, இனி வண்டி ஓட்ட லாயக்கில்லை’ என்று எழுதித்தான் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். கார்ப் பந்தயம் ஓட்டினார் என்று தெரிந்தால் பென்ஷன் நின்றுபோகும். இருபத்தாறு வருஷம் ரப்பர் கிடங்கும் கொப்பரைக் கிடங்கும் எரிந்த புகையைக் குடித்தவர் அவர். தெருமுனையில் பிரம்போடு நின்று உத்தரவு போட்ட துரைக்குப் பதக்கம். அப்பாவுக்கு அந்தக் காகிதமும், மாதக் கடைசிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லி இன்னொரு காகிதமும். இவர்களிடம் உண்மை பேச வேண்டிய கடன் நமக்கு இல்லை.

ஆனால் பந்தயத்துக்கு அடுத்த மாதம் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருநாளில் நீங்கள் செய்தது வேறு. மெழுகுவர்த்தியைக் கொளுத்தி அப்பா கையிலும் என் கையிலும் கொடுத்து, நீங்களாகச் சொல்லும்வரை எவரிடமும் சொல்லமாட்டோம் என்று வாக்கு வாங்கினீர்கள். பென்ஷனை நினைத்துச் செய்கிறீர்கள் என்று நம்பினோம். அந்தக் கோப்பையைக் காட்டி வாங்கிய சிங்கப்பூர் வேலைக் கடிதம் அப்போதே உங்கள் சட்டைப்பையில் இருந்தது.

அப்பா இப்போது படுத்தபடிதான் இருக்கிறார். டாக்டர் நாள் கணக்குச் சொல்ல மறுக்கிறார். தெருவில் போகிற காரைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுகிறார். டாக்டர் வண்டியில் ஒரு பிளக் சரியில்லை என்று டாக்டரிடமே சொன்னார். பார்த்தால் பிளக் சரியாகத்தான் இருந்தது.

காஜா மாமா ஞாயிறு தவறாமல் வருகிறார். வந்ததும் காலண்டரைப் பார்த்துத் தொடங்கிவிடுவார். “சூசை, நீ தண்ணி வண்டி ஓட்டின ஆளு லா. உன் மகன்தான் கார் ஓட்டினவன். எவ்வளவு ஷோக்கா கையாட்டுறான் பாரு! உனக்கு என் மண்டையில இடிக்கத்தானே தெரியும்” என்பார். அப்பாவும் கூடவே சிரிப்பார். மாமா போனதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

நேற்று அப்பா, காஜாவுக்கு மட்டுமாவது தெரிந்தால் போதும் என்றார். ‘நீங்களே சொல்லிவிடுங்களேன்’ என்று அவரிடம் சொன்னேன். அன்னம்மாள் முன்னால் கொடுத்த வாக்கு, உனக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று திட்டினார். எரிகிற கிடங்குக்குள் தயங்காமல் போனவர் ஒரு மெழுகுவர்த்திக்குப் பயப்படுகிறார்.

அதனால் நீங்கள்தான் சொல்ல வேண்டும். மாமா ஊரைக் கூட்டிச் சொல்கிற ஆள் இல்லை. உங்கள் வேலை போகாது. வாருங்கள், வர முடியாவிட்டால் அவருக்கு ஒரு வரி எழுதுங்கள். சீக்கிரம்.

தங்கள் தங்கை,
ரீத்தா


பினாங்கு
20-3-1936

அண்ணன் அவர்களுக்கு,

தந்தியும் மலர்வளையமும் கிடைத்தன. வேலை காரணமாக வர முடியவில்லை என்று போட்டிருந்தீர்கள். என் கடிதத்தைப் பற்றித் தந்தியில் ஒன்றுமில்லை.

அப்பா செவ்வாய்க்கிழமை காலையில் போனார். அதற்கு முந்தின நாள் நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மத்தியானம், மாமா கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். அப்பாவுக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. அப்போது பொம்பா வண்டி மணியடித்துக்கொண்டு நம் தெருவைத் தாண்டியது. அப்பாவின் இடது கை எழும்பியது. முழங்கை மாமாவின் தலையில் இடித்துத் தொப்பி கீழே விழுந்தது. “இங்கேயுமாடா?” என்று மாமா சிரித்தார். கை இறங்கவில்லை. விரல்கள் மடங்கி, கயிற்றைத் தேடிக்கொண்டே இருந்தன.

மாமாவின் சிரிப்பு நின்றது. காலண்டரைப் பார்த்தார். எழுந்துபோய் அதை ஆணியிலிருந்து எடுத்து வந்து, அப்பாவின் கைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். “சூசை, நீயாடா?” என்று கேட்டார்.

அப்பாவுக்கு அந்த நேரம் நினைவு இருந்தது. எனக்கு நிச்சயமாகத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டார், ஓரத்தில் தண்ணீர் வழிந்தது. உதட்டைத் திறக்கவில்லை. உங்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டுப் போனார்.

மாமா என்னையும் கேட்டார். “ரீத்தாம்மா, நீயாவது சொல்லு. இத்தனை நாளா நான் இவனைக் கேலி பண்ணிட்டு இருந்தேனே” என்று அழுதார். வெள்ளைத் தாடியோடு ஒரு மனுஷன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நானும் மெழுகுவர்த்தி பிடித்தவள்தான். அடுப்பைப் பார்க்கப் போகிறதுபோல உள்ளே போய்விட்டேன்.

பதில் எழுதுங்கள்.

ரீத்தா


பினாங்கு
14-4-1936

அண்ணே,

நாளை மறுநாள் அப்பாவுக்கு முப்பதாம் நாள் பூசை. கோயில் வாசலில் நிற்பேன் என்று காஜா மாமா சொல்லியிருக்கிறார். காலண்டரை அவர் எடுத்துப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வருகிறார். காலி கட்டிலைப் பார்த்து உட்கார்ந்திருந்துவிட்டு, போகும்போது ஒரே கேள்வியைக் கேட்கிறார்.

உங்களுக்குச் சுகம் கிடைக்க வேண்டும், வேலை நிலைக்க வேண்டும் என்று அன்னம்மாளிடம் வேண்டிக்கொள்கிறேன். அப்பாவும் கடைசிவரை அதைத்தான் வேண்டினார். என்னை அந்த வாக்கிலிருந்து விடுங்கள், அல்லது நீங்களே சொல்லுங்கள். மாமாவின் விலாசம் எழுதிய உறையை இத்துடன் வைத்திருக்கிறேன், தபால்தலையும் ஒட்டிவிட்டேன். அதற்குள் ஒரு பெயர் மட்டும் எழுதிப் போடுங்கள்.

அன்றைக்குக் காரை ஓட்டியது யார்?