தட்டச்சு செய்து உதவியவள்

அன்புள்ள உனக்கு,

அக்கா வீட்டிலிருந்து எப்போது திரும்புவாய் என்று கேட்க இதை எழுதவில்லை. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன்.

கல்லூரியின் நேர்மைக் குழுவுக்கு என்னைத் தலைவராக்கிய அன்று, "ரொம்பப் பொருத்தம்தான், போங்க" என்றாய். மறுநாளே கிளம்பிவிட்டாய். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பதவியை விட மனம் வரவில்லை.

நேற்று முதல் விசாரணை. முதுகலை மாணவி ஒருத்தி ஆய்வேட்டை யாரையோ வைத்து எழுதியதாகப் புகார். மூன்றாம் அத்தியாயத்தைப் பிரித்து, "இந்தப் பத்திக்கு என்னம்மா அர்த்தம்?" என்றேன். திருதிருவென்று விழித்தாள்.

"அண்ணன் எழுதிக் கொடுத்தாங்க சார். எனக்குச் சொல்லித் தரல" என்று அழுதாள்.

நீ எனக்குச் சொல்லித் தந்தாய். என் வாய்மொழித் தேர்வுக்கு முந்தைய வாரம் முழுக்க, வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேள்வி கேட்டாய். நான் ஒப்பித்தேன். "நிமிர்ந்து உட்கார்ந்து சொல்லுங்க. நீங்களே எழுதின மாதிரி இருக்கணும்" என்றாய்.

அவளை நீக்கும் உத்தரவில் கையெழுத்துப் போட்டேன். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து என் ஆய்வேட்டை எடுத்தேன். நன்றியுரையில், 'பொறுமையாகத் தட்டச்சு செய்து உதவிய மனைவிக்கு' என்றிருக்கிறது. மொத்த ஆய்வேட்டில் நானாக எழுதிய வரி அது ஒன்றுதான். அதுவும் பொய்.

முதல்வருக்கு எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன். நாளைக் காலையில் கொடுத்துவிடுவேன். நிறையப் பிழை இருக்கும். இந்த முறை நீ பார்த்துத் தரவில்லை.

உன் கணவன்