கிரகணத்தன்று நின்றுபோன இணையம்

சிங்கப்பெருமாள் கோயில்
ஆடி 14

சிரஞ்சீவி கிரிதருக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, ராத்திரியிலும் வெயில் அடிக்கிற அந்த வெளிநாட்டில் எப்படியோ தூங்கி, சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே மூன்று பேரும் சௌக்கியம் என்று எழுதினால் அது பாதிப் பொய், அதனால் உடம்பளவில் சௌக்கியம் என்று மட்டும் எழுதுகிறேன். ஃபோன் இருக்க, மெயில் இருக்க, அம்மா ஏன் தபாலில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். ஃபோன் கூடத்தில் இருக்கிறது, உன் தங்கை சாரு காலில் மாவுக்கட்டோடு நாள் முழுக்க அதற்குப் பக்கத்தில்தான் கிடக்கிறாள். மெயில் அவள் மடியில் இருக்கிற கணினியில்தான் போய் விழும். அவள் காதுக்கும் கண்ணுக்கும் எட்டக்கூடாத விஷயம் இது, அதனால்தான் காகிதம்.

ஆடி அமாவாசையன்று நீயும் அவளும் ஃபோனில் போட்ட சண்டை உனக்கு மறந்திருக்கலாம், பக்கத்தில் நின்ற எனக்கு மறக்கவில்லை. அவள் அன்று அப்படிப் படபடத்ததற்குக் காரணம் உனக்குத் தெரியாது. சிறுசேரியில் அவள் ஆபீசில் வாராவாரம் யாரையாவது கூப்பிட்டு, நாளையிலிருந்து வரவேண்டாம் என்கிறார்களாம். ஸ்கூட்டரிலிருந்து விழுந்தவள், லீவு கேட்டால் அடுத்த ஆள் நாம்தான் என்று பயந்து, வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன் என்று மேனேஜரிடம் கெஞ்சி அனுமதி வாங்கியிருந்தாள். வரதன் என்று பெயர், கெட்ட மனுஷர் இல்லை. அமாவாசையன்று மத்தியானத்துக்குள் வேலை முடிந்து போய்ச் சேர்ந்தாக வேண்டும், தவறினால் உனக்காக நான் பேச முடியாது என்று முன்னாலேயே சொல்லிவிட்டார். உன்னிடம் சொன்னால் நீ பணம் அனுப்புகிறேன் என்று ஆரம்பிப்பாய் என்று சொல்லவில்லையாம், அது அவள் ரோஷம்.

அன்று விடிகிற நேரத்தில் சூரிய கிரகணம். அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, கோயில் கைங்கர்யத்தில் எவ்வளவு கறாரோ அகத்திலும் அவ்வளவு. இருட்டிலேயே எழுந்து, அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்து, ஊறுகாய் ஜாடி, தயிர், தண்ணீர்க் குடம் எல்லாவற்றிலும் தர்ப்பை போட்டுவிட்டு உட்கார்ந்து ஜபம் பண்ணினார். கிரகணம் விட்டு நாங்கள் ஸ்நானம் பண்ணி, நான் உலை வைக்கும்போது சாரு கத்தினாள், நெட் இல்லை என்று. நீ விட்டுப்போன அந்த மடிக்கணினியில்தான் அவள் பிழைப்பு ஓடுகிறது, அதில் விண்டோஸ் பக்கம் ஒன்று, நீ போட்ட லினக்ஸ் பக்கம் ஒன்று. விண்டோஸில் சுற்றுவட்டாரத்தில் ஒரு நெட்டும் இல்லை என்று காட்டியது. அணைத்து லினக்ஸில் ஏற்றினாள், அங்கேயும் இல்லை. மறுபடி விண்டோஸ், மறுபடி லினக்ஸ். ஏதோ டிரைவராம், அதை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டாள், பேட்டரியைக் கழற்றி மாட்டினாள், மோடத்தை அணைத்து ஏற்றினாள். ஒயரைச் செருகலாம் என்றால் அந்த ஓட்டை போன வருஷம் இடி விழுந்ததிலிருந்து செத்துக் கிடக்கிறது. வேறு கணினியில் செய்யலாமே என்றேன், ஆபீசுக்குள் நுழைகிற பூட்டைத் திறக்க இதில் மட்டும்தான் முடியும் என்று அழுதாள். அப்போதுதான் உன்னைக் கூப்பிட்டாள். நீ தூக்கத்திலிருந்து எழுந்து அது அடி, இது அடி என்று வரிவரியாகச் சொன்னாய், அவளும் அடித்தாள், ஒன்றும் நடக்கவில்லை. உன் இரண்டாவது சிஸ்டத்தால்தான் வந்தது என்று அவள் சொல்ல, உன்னிடம் எதைக் கொடுத்தாலும் உருப்படாது என்று நீ சொல்ல, அவள் ஃபோனை வைத்துவிட்டாள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே காலையில் எப்படியடி ஜுரம் வரும் என்று நான் கேட்டேன். சமையலறையிலிருந்து வருகிற கேள்விக்கு யார் பதில் சொல்கிறார்கள்?

நெட் கம்பெனியிலிருந்து மாயவன் என்று ஒருவர் வந்தார், மாமல்லபுரத்துப் பக்கம் கடலோரக் குப்பத்துக்காரர், பாவம் அமாவாசையன்று ஊருக்குப் போகாமல் வந்தார். தன் லேப்டாப்பைத் திறந்து காட்டி, "தோ பாரும்மா, மோடத்துல லைட்டெல்லாம் கரீட்டா எரிஞ்சுகினு கீது, உங்க வூட்டு நெட்டு என்னுதுல வருது. உங்க பொட்டிதான் பேஜாரு பண்ணுது" என்றார். ரெண்டு சிஸ்டம் இருந்தா ஒண்ணு ஒண்ணைக் கடிச்சிக்கும், அண்ணாத்த போட்டதைத் தூக்கிட்டு எல்லாத்தையும் புச்சா ஏத்திடு என்று யோசனை சொல்லிவிட்டுப் போனார். மணி ஏறிக்கொண்டே போகிறது. சாரு முகத்தைத் துடைத்துக்கொண்டு சிடியை எடுத்துப் போட்டாள். அந்தப் பக்கத்தில் நீ நாலு வருஷமாகச் சேர்த்த படிப்பெல்லாம் இருக்கிறது என்றேன், எனக்கு வேலை வேணுமா வேண்டாமா நீயே சொல்லு என்றாள். நான் என்ன சொல்வேன், இரண்டும் நான் பெற்றதுதான்.

அப்போது அப்பா தர்ப்பணம் முடித்து ஈர வேஷ்டியோடு உள்ளே வந்தார். கிரியோடதை எதுக்கு அழிக்கணும் என்று கேட்டார். நெட் செத்துப்போச்சு என்று நான் சொன்னதும் குனிந்து கணினியின் முன் விளிம்பைப் பார்த்தார். பிறகு, "விடியற்காலம் இதுல நீலமா ஒரு பொட்டு எரிஞ்சுண்டிருந்தது. கிரகணத்துல விளக்கு எரியக் கூடாதேன்னு அணைச்சேன். ஓடற வேலையை மூடாதேன்னு குழந்தை சொல்லியிருந்தாளே, அதனால மூடலை. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டோ?" என்றார். முன் விளிம்பில், கையை வைத்தால் மறைந்துபோகிற இடத்தில், நகத்தால் தள்ளுகிற சின்ன விசை. அவரே தள்ளினார். நெட் வந்துவிட்டது. அது அணைந்திருந்தால் எந்தப் பக்கம் ஏற்றினாலும் நெட் வராதாம், சாரு பிறகு சொன்னாள். இரண்டு பேரும் இவ்வளவு படித்தீர்கள், விளக்கு எரிகிறதா என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. உன் பக்கம் அப்படியே பத்திரமாக இருக்கிறது, சிடியை நான் எடுத்து வைத்துவிட்டேன்.

ஆனால் அனுப்புவதற்குள் நேரம் தப்பிவிட்டது. வரதன் வேறு ஒருத்தியை உட்காரவைத்து முடித்து அனுப்பிவிட்டார். ஃபோனில் என்ன ஆச்சு என்று கேட்டார் போலிருக்கிறது. அப்பா அங்கேயே நின்றுகொண்டிருந்தார். சாரு அவரைப் பார்க்காமல், மை மிஸ்டேக் சார், சுவிட்சை நான்தான் கவனிக்கவில்லை என்று இங்கிலீஷில் சொல்லி வைத்துவிட்டாள். ஆவணி பிறந்ததும் அவளை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று சொல்வார்களாம். அதற்கப்புறம் இவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. நீ சொன்ன வார்த்தையும் உள்ளே கிடந்து அறுக்கிறது. நீ ஒரு தடவை கூப்பிட்டு, தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல், உன் கௌரவம் குறைந்துவிடாது.

அப்பா அன்று ராத்திரி என்னிடம் கேட்டார், "ருக்மிணி, அணைச்சது நானாச்சே, அவ ஏன் தன்னோட தப்புன்னு சொன்னா?" அந்த இரண்டு வார்த்தை அவருக்கும் புரிந்திருக்கிறது. மறுநாள் காலையில், வரதனை நேரில் போய்ப் பார்க்கப்போகிறேன் என்றார். கோயிலை விட்டு ஒரு கல்யாணத்துக்குப் போகவே பத்து தடவை கூப்பிட வேண்டிய மனுஷர், சிறுசேரிக்கு எந்த பஸ் என்று கடைத்தெருவில் விசாரித்துவிட்டு வந்திருக்கிறார். சாருவிடம் மூச்சு விடாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். எதிரே இருக்கிறவர்கள் இங்கிலீஷ் பேசினால் தனக்கு வாய் வராதே என்பதுதான் அவர் கவலை.

அதனால் நீ செய்ய வேண்டியது இது. அப்பா சொல்ல வேண்டியதை நாலு வரி இங்கிலீஷில் எழுது, ஆனால் தமிழ் எழுத்திலேயே எழுது, பாசுரம் போல மனப்பாடம் பண்ணிக்கொள்வார். எதிர்வீட்டு சம்பூர்ணம் மாமிக்கு ஃபோன் பண்ணிச் சொன்னாலும் போதும், நான் போய் எழுதிக்கொள்கிறேன். ஆவணிக்கு முன்னால் வந்தாக வேண்டும். கிரகணம், சம்பிரதாயம் என்றெல்லாம் நீளமாகப் போட்டு அவர் பேரில் தப்பில்லாத மாதிரி எழுதிவிடாதே, நான் அப்படித்தான் எழுதச் சொல்லலாம் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார். "முதல் வார்த்தை 'நான்' னு இருக்கணும், குழந்தை பேர் அதுக்கப்புறம் வந்தா போதும்" என்றார்.

நரசிம்மர் உன்னைக் காப்பாற்றட்டும், தீர்க்காயுசாக இரு. தலைக்கு எண்ணெய் வை. தங்கையைக் கூப்பிடு, அந்த நாலு வரியை மறக்காதே.

உன் அம்மா,
ருக்மிணி