சாட்சிக்கு வந்த அண்ணிக்கு

அண்ணி,

நேற்று வக்கீல் ஆபீசிலிருந்து ஒரு தடித்த கவர் வந்தது. மெல்போர்னில் இந்த வீட்டை விற்கிறோம். மாடிப்படி ஏற இவராலும் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. வாங்கியபோது கொடுத்த காகிதங்களையெல்லாம் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். பிரித்ததும் ஸ்டாம்ப் பேடு மை வாசனை வந்த மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் கழித்து மை எங்கே மணக்கும், எல்லாம் நினைப்புதான். அடியில் அந்த பவர் பத்திரம் இருந்தது. சிவப்பு வில்லை, நோட்டரி முத்திரை, என் கையெழுத்து, அதற்குக் கீழே உங்கள் கையெழுத்து. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

தொண்ணூற்றொன்றில் இவர் இங்கே தனியாக இருந்தார். நானும் குழந்தையும் சேரப்பணஞ்சேரியில், அண்ணனும் நீங்களும் இருந்த வீட்டில். வீடு எங்கள் இரண்டு பேர் பெயரிலும் வாங்குவதால், எனக்காகவும் இவரே கையெழுத்துப் போட நான் பவர் எழுதித் தர வேண்டும், அதுவும் நோட்டரி முன்னால், ஒரு சாட்சியோடு. "குறித்த நாளுக்குள் பவர் வராவிட்டால் வீடு கையை விட்டுப் போய்விடும். வீடு இல்லாமல் உங்களை எங்கே கூப்பிடுவது?" என்று எழுதியிருந்தார். இரண்டு வருஷமாகக் குழந்தை அப்பாவை போட்டோவில்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வேறு நினைப்பே இல்லை.

சாட்சி யார் என்று நான் கேட்கவே இல்லை. நீங்களாகவே, "நான் வரேன். வேற யாரு வருவா?" என்றீர்கள்.

நான் சரி என்று சொல்லத் தயங்கினேன். ஏன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் கல்யாணத்தில் மாதா கோயில் பதிவேட்டில் பெண் வீட்டுச் சாட்சியாக நீங்கள் பெருவிரலை உருட்டினீர்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்ததை நான் முக்காட்டுக்குள்ளிருந்து பார்த்தேன். நீங்களும் பார்த்தீர்கள். மையைத் தலையில் துடைத்துக்கொண்டு, "அடுத்த தபா எனக்குப் பேனா குடு" என்றீர்கள். அதை நான் வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துவிட்டேன்.

ஸ்ரீபெரும்புதூருக்கு நீங்கள் கட்டிக்கொண்டு வந்தது என் பழைய வாயில் புடவை. "நீ குடுத்தது, ராசியா கீது" என்று பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். கோர்ட்டுக்கு எதிரே ஓடு வேய்ந்த அந்த அறை. நோட்டரி வக்கீல் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாக உங்களைப் பார்த்தார். "இவங்க யாரும்மா?"

வெள்ளைக்கார வக்கீல் பார்க்கப்போகிற பத்திரத்தில் ரேகையா என்று என் மண்டைக்குள் ஓடியது. "வீட்டு வேலைக்கு வர்றவங்க சார். துணைக்குக் கூட்டிட்டு வந்தேன்" என்றேன்.

எப்படி வந்தது அந்த வார்த்தை? யோசித்துக்கூடச் சொல்லவில்லை, தானாக வந்தது. அதுதான் எனக்கு இன்னும் வெட்கம். உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை. வெளியே டீக்கடையில் நின்ற, பேன்ட் போட்ட ஒரு ஆளைக் கூப்பிட்டுச் சாட்சி போடச் சொன்னேன். அவன் இங்கிலீஷில் சுழித்துக் கையெழுத்துப் போட்டான். நீங்கள் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தீர்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் நீங்கள் இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஒரு புதுப் பேனாவை எடுத்தீர்கள். டிக்கெட்டின் பின்பக்கம், ஒவ்வொரு எழுத்தாக, உங்கள் பெயரை எழுதினீர்கள். ரேஷன் கார்டைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகியிருக்கிறீர்கள். கல்யாணம் முடிந்த நாளிலிருந்தா, பத்திரம் வந்த நாளிலிருந்தா, நான் கேட்கவில்லை. "இன்னா அப்டிப் பாக்கற? சும்மா எழுதினேன்" என்று சொல்லி டிக்கெட்டை மடித்து வைத்துக்கொண்டீர்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு 'மன்னிச்சிடுங்க அண்ணி' சொல்ல ஒரகடம் வரைக்கும் நேரம் இருந்தது.

பத்திரம் திரும்பி வந்துவிட்டது. சாட்சிக்கு என்னை எப்படித் தெரியும், எத்தனை வருஷமாகத் தெரியும் என்று எழுத வேண்டிய இடம் காலியாக இருந்ததாம். டீக்கடை ஆளுக்கு என்னைக் கால் மணி நேரமாகத் தெரியும், அவன் என்ன எழுதுவான்? புதுப் பத்திரம் வந்தபோது கெடுவுக்குப் பத்து நாள்தான் பாக்கி. இவர் படப்பை டெலிபோன் பூத்துக்கு போன் செய்து, "உன்னை நல்லாத் தெரிஞ்ச ஒரு ஆளு கூடவா ஊர்ல இல்ல?" என்று கத்தினார். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். எருமைக்குத் தவிடு கலந்துகொண்டிருந்த நீங்கள், கையைக் கழுவிவிட்டு, "கெளம்பு" என்றீர்கள். அவ்வளவுதான். ஒரு குத்தல் பேச்சு உண்டா? திட்டியிருந்தால்கூட நான் பிழைத்திருப்பேன்.

அந்த வக்கீலுக்கு ஞாபகசக்தி அதிகம். "அன்னிக்கு வேலைக்கு வர்றவங்கன்னு சொன்னீங்களே? அவங்களா சாட்சி?" என்றார். நான் பத்திரத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அன்று சொன்னது பொய் என்று ஒத்துக்கொண்டால் முத்திரை போடமாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

நீங்கள்தான் பேசினீர்கள். "ஆமா சார். வேலைக்கு வர்றவதான். ஆனா இந்தப் பொண்ணப் பன்னெண்டு வருசமாத் தெரியும். நான் கையெழுத்தே போடுவேன் சார்."

டைப்பிஸ்ட் அதையே அந்த இடத்தில் இங்கிலீஷில் அடித்தான். எங்கள் ஊர்ப் பெயரைத் தப்பாக அடித்திருந்தான். வக்கீல் அதன்மேல் கோடு போட்டு, சரியாக எழுதி, "திருத்தின இடத்துல எல்லாரும் சின்னதா ஒரு கையெழுத்து வைக்கணும். ஒருத்தர் விட்டாலும் செல்லாது" என்றார். உங்களுக்கு என்ன சந்தோஷம்! "இன்னொரு தபாவா?" என்று கேட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினீர்கள். பேனா என் கைக்கு வந்தது. அந்த ஒரு திருத்தத்தோடு இன்னொன்றையும் செய்யச் சொல்லியிருக்கலாம். இரண்டு வரி மேலேதான் அந்த 'வேலைக்கு வர்றவங்க' இருந்தது. செய்யவில்லை அண்ணி. கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடிக் கொடுத்துவிட்டேன்.

வீடு கிடைத்தது. நானும் குழந்தையும் வந்து சேர்ந்தோம். போன் செய்தால் முதல் கேள்வியே, "நான் கையெழுத்துப் போட்ட வூடு எப்டி கீது?" என்பீர்கள். மழை ஒழுகுதா, வாசல் கிழக்கா என்று விசாரிப்பீர்கள். ஒருமுறை வந்து பாருங்கள் என்று வருஷா வருஷம் சொன்னேன். டிக்கெட் ஒருமுறைகூட அனுப்பவில்லை. நான் வக்கீலிடம் சொன்ன பொய்யைப் பற்றி அண்ணனிடம் நீங்கள் சொல்லவே இல்லை என்பது உங்கள் அடக்கத்துக்கு வந்தபோதுதான் தெரிந்தது. எருமை மேய்த்த இடத்தில் இப்போது கம்பெனி பஸ்கள் நிற்கின்றன, அதைத் தாண்டித்தான் கல்லறைக்குப் போனோம். "உன் வூட்டுப் பத்திரத்துல சாட்சி போட்டதை ஊர் பூரா சொல்லிக்கினு இருந்தா" என்று அண்ணன் அழுதார். என்னவென்று போட்டீர்கள் என்பதை நானும் அவரிடம் சொல்லவில்லை.

இந்த வீட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் தூங்கி எழுந்தேன். எந்தக் காகிதத்தை வைத்து எனக்கு வீடு கொடுத்தார்களோ, அதில் நீங்கள் என் வேலைக்காரி.

இன்று காலையில் பேனாவை எடுத்தேன். அந்த வார்த்தையின்மேல் ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் 'என் அண்ணி' என்று தமிழிலேயே எழுதி, சின்னதாக என் கையெழுத்தையும் வைத்தேன். வீட்டை வாங்குகிறவர்களுக்கு இந்தக் காகிதம் வேண்டாமாம், என் பைபிளுக்குள் வைத்துக்கொள்ளப் போகிறேன். வக்கீல் சொன்ன கணக்குப்படி திருத்தம் இன்னும் செல்லாது. பக்கத்தில் உங்களுக்கு இடம் விட்டிருக்கிறேன், அண்ணி.