புகையிலை அட்டையில் வந்த அக்கா

மச்சான்,

இன்று காலை டூங்கபி ஸ்டேஷனில் பக்கத்தில் இருந்த கிழவர் ஒருவர் சிகரெட் சுருட்டினார். பற்ற வைக்காத புகையிலையின் மணம். எழும்பிப் போக நினைத்தவன் அங்கேயே இருந்துவிட்டேன். நீ கண்டெடுத்த அந்த அட்டையிலும் இதே மணம்தான் இருந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி, நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிது. பிளாக்டவுனில் ஒரே வீட்டில் இருந்தோம், ஒரே தொழிற்சாலையில் வரைபடம் கீறினோம். ஒரு சனிக்கிழமை, பழைய சாமான் சந்தையில் நீ ஒரு தகரப் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாய். ஒரு காலத்தில் சிகரெட் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்த சின்ன அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு நாடக நடிகையின் படம். ஒன்றை எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டாய்.

"மச்சான், இஞ்ச பார். எங்கட அக்கா."

இறகு வைத்த தொப்பியோடு ஒரு வெள்ளைக்காரி தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உன் அக்காவை எனக்குத் தெரியும், ஊரில் நான் உங்கள் அடுத்த வீட்டுக்காரன். அவர் ஒளித்துப்போய் நாடகத்தில் நடிப்பதை அப்பாவிடம் சொன்னது நீதான். உனக்குப் பதினான்கு வயது. அப்பா அவருடைய படங்கள் அத்தனையையும் அடுப்பில் போட்டார். அதன்பிறகு அக்கா உன்னோடு ஒரு சொல்லும் பேசவில்லை. அந்த மாரிகாலத்திலேயே காய்ச்சலில் போய்விட்டார்.

அட்டையில் அவருடைய சாயல் துளியும் இல்லை. ஆனால் நீ அதை என் கண்ணுக்கு நேரே பிடித்தாய்.

"சொல்லடா, நீயும் அவவைப் பார்த்தனி தானே?"

"ஓம் மச்சான். அவதான்," என்றேன்.

அன்றிலிருந்து, வேலைக்குப் போகுமுன் குசினி மேசையில் அட்டையைத் தேத்தண்ணிக் கோப்பையில் சாய்த்து வைத்துவிட்டு, எதிரே கதிரையில் இருந்து அக்காவோடு கதைப்பாய். ஒருநாள் வாசலில் நின்ற என் காதிலும் விழுந்தது.

"தெரியாமல் சொல்லிப்போட்டன் அக்கா."

பிறகு, பதிலைக் கேட்பவன்போல் அட்டைப் பக்கம் குனிந்தாய். நான் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

அட்டையை ஊருக்கு, அம்மாவுக்கு அனுப்பினாய். கடிதத்தோடு அது திரும்பி வந்தது. 'இந்த வெள்ளைக்காரி ஆரடா? எங்களுக்குச் சொல்லாமல் கலியாணம் முடிச்சுப்போட்டியோ?' என்று அம்மா எழுதியிருந்தார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் நீ சிரித்துவிட்டாய்.

"அம்மாவுக்குக் கண் மங்கிப்போச்சு. எனக்கு நீ சொன்னதே காணும், வேற சாட்சி வேண்டாம்."

வருடங்கள் கழித்து, உன்னைச் சவப்பெட்டியில் வைத்த அன்று, உன் மனைவி அந்த அட்டையை உன் சட்டைப்பையில் வைத்தார். "அக்காவோட போகட்டும்," என்றவர், என் பக்கம் திரும்பி, "அவ இவ்வளவு வடிவான பொம்பிளையோ அண்ணை?" என்று கேட்டார்.

அப்போதும் ஓம் என்றுதான் சொன்னேன்.

அப்பா, அம்மா, நீ, எல்லாரும் போய்விட்டீர்கள். அக்காவின் முகத்தை அறிந்தவர்களில், எனக்குத் தெரிய, எஞ்சியிருப்பது நான் மட்டும்தான். வேலிக்கு அப்பால் நின்று அவர் வசனம் பாடமாக்கிய குரல் இன்னும் கேட்கிறது. முகத்தை நினைத்தால் மட்டும் அந்த வெள்ளைக்காரி வந்து நிற்கிறாள். எவ்வளவு நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் விலகுகிறாள் இல்லை, மச்சான்.