மொய்துவின் முகம்

ஆம்பூர், 1926 டிசம்பர்

மரியாதைக்குரிய வாப்பாவுக்கு, மகன் ஜெய்லானியின் ஸலாம். நான் சுகம். உம்மாவின் மூட்டுவலி தேவலையா?

தோல் ஷாப்பில் என்னோடு வேலை செய்த மலபார் மொய்து காய்ச்சலில் மவுத்தாகிவிட்டார். எனக்கு ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள். தந்தி அடித்தும் அவர் ஊரிலிருந்து ஆள் வந்து சேரவில்லை. புதுப் பள்ளிவாசல்காரர்களே குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, தொழுகையும் வைத்தார்கள். ஒரு குறையும் இல்லை. அடக்கத்துக்கு உடல் வைத்த சந்தூக்கைத் தூக்குமுன், பள்ளிவாசலை நடத்தும் முத்தவல்லி சத்தார் பாய், "சொந்தக்காரங்க யார்னா இருந்தா வந்து மொகம் பாத்துக்குங்க" என்றார். யாரும் அசையவில்லை. நான் போனேன்.

"நீ இன்னா, தம்பியா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

உம்மாவிடம் சொல்லி ஒரு போர்வை அனுப்புங்கள், இங்கே பனி ஜாஸ்தி. தபால் கட்டும் நேரமாகிவிட்டது. நாகூரிலிருந்து இங்கே வரக் காட்பாடியில் வண்டி மாற வேண்டும். என்றைக்காவது இங்கிருந்து தந்தி வந்தால் தேவைப்படும், அதை நம் தம்பிக்கும் சொல்லிவையுங்கள்.

ஜெய்லானி