நாலு விரல் கன குஷன்

என் பெரியவளுக்கு, அப்பா எழுதுவது.

நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பிக்கொண்டே எழுதுகிறேன். இங்கே அம்மாவும் நானும் இருக்கிறோம், உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை. அம்மாவுக்கு மாடிப்படி ஏறினால் முட்டி வலிக்கிறது, அதனால் துணி காயப்போட நான்தான் மேலே போகிறேன், கிளிப் போடத் தெரியவில்லை என்று கீழிருந்தபடியே திட்டுகிறாள். சமையலறைக் குழாய் சொட்டுவதை ஒருவழியாக நிறுத்தியாகிவிட்டது. சின்னவன் போய் நாளையோடு ஐந்து மாதம். நீ போனை எடுக்காமல் பதினொரு வாரம். நான் அனுப்பிய அத்தனை மெசேஜுக்கும் நீ போட்ட பதில் ஒரே வரி, "நான் மாட்டின சீட்டுப்பா, நான் போட்ட பெல்ட்டு, இனிமே பேச என்ன இருக்கு" என்று. வேலையையும் விட்டுவிட்டாய் என்று உன் அறைத்தோழி சொல்லித்தான் தெரிந்தது. போனில் என்றால் நான் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன், அதனால்தான் கடிதம்.

கணக்கில் விடையை முதலில் பலகையில் எழுதிவிட்டு, வழியை அப்புறம் சொல்வது என் பழக்கம். இதையும் அப்படியே எழுதுகிறேன். ரேஸ் காரில் நீ மாட்டிய சீட்டால் உன் தம்பி சாகவில்லை. நான் கொடுத்த குஷனால் செத்தான். இது எனக்கு நான்கு மாதமாகத் தெரியும்.

நீ ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் முழுக்க அந்த ஷெட்டிலேயே கிடந்தது எனக்கு நினைவிருக்கிறது. அந்தப் பழைய காரின் தரைத் தகடு டப்பா மூடி கனம்கூட இல்லை, வெறுமனே போல்ட் போட்டால் இடியில் பிய்த்துக்கொண்டு வந்துவிடும் என்று அடியில் கை அகலத்துக்கு இரும்புத் தகடு வைத்து முறுக்கினாய். எனக்குப் புரியவில்லை என்றதும், கோட்டுப் பொத்தானுக்கு உள்பக்கம் இன்னொரு சின்னப் பொத்தான் வைத்துத் தைப்பார்களே அதுதான் இது என்று நீயே உதாரணம் சொன்னாய், வாத்தியார் மகள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. சின்னவன் வாசலில் நின்று, "மேஸ்திரி, இது காரா, பாலமா?" என்று கிண்டல் செய்துகொண்டிருந்தான். தோள் பெல்ட்டை சீட்டுக்குப் பின்னால் தரையிலேயே மாட்டிவிடலாம், ஓட்டை தயாராக இருக்கிறது என்று அவன் சொன்னபோது நீ ஸ்பானராலேயே அவன் கையில் ஒரு தட்டுத் தட்டி, "தரையில மாட்டினா இடிக்கும்போது அது உன் தோளைக் கீழ அமுக்கும்டா தடியா, முதுகெலும்பு போயிடும்" என்று, தோள் உயரத்துக்குக் குறுக்கே ஒரு குழாயை வெல்டிங் வைத்து அதில் மாட்டினாய். இடுப்பு பெல்ட் இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும், வயிற்றுக்கு ஏறக் கூடாது என்று அவனை உட்காரவைத்து உட்காரவைத்து அளந்தாய். கடைசியில் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாய். உன் கையெழுத்தை மருந்துக்கடைக்காரரே படிக்க மாட்டார் என்று சொல்லி, நான் அதை ஒரு பெரிய அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி ஷெட் கதவில் ஒட்டினேன். அதில் ஐந்தாவது வரி, சீட்டுக்கும் உடம்புக்கும் நடுவில் மெத்தென்று எதுவும் வைக்கக் கூடாது. என் கையால் எழுதியதம்மா. முப்பத்துநான்கு வருடம் பலகையில் எழுதிப்போட்டே பழகிய கை, அது பாட்டுக்கு எழுதும், மனசு வேறு எங்கோ இருக்கும். புரிந்து எழுதுங்கள் என்று எத்தனை பிள்ளைகளைத் திட்டியிருப்பேன்.

நீ போன பிறகு, அவன் ஒவ்வொரு ஞாயிறும் ஓட்டிப் பழகிவிட்டு வந்து இடுப்பு வலிக்கிறது என்று சோபாவில் குப்புறப் படுத்துக்கொள்வான். அந்த சீட் கல் மாதிரி இருக்கிறது என்பான். எனக்குத் தெரிந்த வைத்தியம் என்ன, சீட் கவர் தைக்கிற கடைக்காரரிடம் போய் நாலு விரல் கனத்துக்கு நல்ல பஞ்சுபோன்ற ஃபோமில் ஒரு குஷன் தைத்து வாங்கினேன், நீலத் துணி, ஓரத்தில் வெள்ளைத் தையல். அவன் சிரித்தான். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓரிரண்டு முறை பழகும்போது போட்டுக்கொண்டான், எனக்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது. ரேஸ் அன்றைக்கு அதை என் பையில் வைத்து எடுத்துப் போனேன். காலையில் வண்டிகளைச் சோதிக்கிற தொப்பிக்காரர் ஒவ்வொரு போல்ட்டாக, பெல்ட்டாக இழுத்துப் பார்த்து, நன்றாக மாட்டியிருக்கிறார்கள் என்று சொல்லி அனுமதி ஸ்டிக்கர் ஒட்டினார். அதெல்லாம் முடிந்து, வண்டிகள் வரிசையில் நின்ற பிறகுதான் எனக்குப் பையில் குஷன் இருப்பது ஞாபகம் வந்தது. ஓடிப் போய் ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். "அப்பா, இது டூர் பஸ் இல்லப்பா" என்றான். "வீட்டுக்கு வந்து புலம்பறது யாரு, நானா?" என்றேன். பக்கத்தில் இருந்த அவன் சிநேகிதர்கள் சிரித்தார்கள். அவன் பெல்ட்டைக் கழற்றி, குஷனைப் போட்டு உட்கார்ந்து, மறுபடி இறுக்கச் சொன்னான். நாலாவது சுற்றில் வளைவில் வழுக்கி, நேராகப் போய் டயர் சுவரில் மோதினான். உடம்பில் வெளியே ஒரு கீறல் இல்லை. வயிற்றுக்குள்தான் எல்லாம் கிழிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் அன்று சாயங்காலம் ஒரு மணி நேரம் நன்றாகப் பேசினான், "குஷன் வெச்சதை அக்காகிட்ட சொல்லாதப்பா, கொன்னுடுவா" என்று சிரிக்கப் பார்த்தான், மறுநாள் நினைவு இல்லை, அதற்கு மறுநாள் அவனே இல்லை.

அவன் விளையாட்டாகச் சொன்ன அந்த வார்த்தையைச் சத்தியம் மாதிரிப் பிடித்துக்கொண்டேன். எனக்கு வசதியாக இருந்தது, அதுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை. ஒரு மாதம் கழித்து தொப்பிக்காரர் வந்து, ஒரு மெக்கானிக்கை அழைத்து நொறுங்கிய காரை என் முன்னால் பிரிக்கச் சொன்னார். மெக்கானிக் ஸ்பானரில் ஒரு நீளக் குழாயை மாட்டித் தொங்கித்தான் உன் போல்ட்டுகளைக் கழற்ற முடிந்தது. எட்டில் ஒன்றுகூட அசையவில்லை, தகடு வளையவில்லை, குறுக்குக் குழாய் நீ வைத்த இடத்திலேயே இருந்தது. "யாரு சார் மாட்டினது? கட்டடம் மாதிரி நிக்குது" என்று மெக்கானிக் கேட்டான், "என் பொண்ணு" என்றேன். அப்புறம் தொப்பிக்காரர் அந்தக் குஷனை எடுத்து என்னிடம் காட்டினார். முன் ஓரம் தோசைக்கல் போலத் தட்டையாக நசுங்கியிருந்தது. "காலையில நான் பாத்தப்ப இது உள்ள இல்லையே, எப்படி சார் வந்தது?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். நேருக்கு நேர் பார்த்துச் சொன்னேனம்மா. சரியாகப் பார்க்கவில்லை என்று அவரை அதன் பிறகு எந்த ரேஸுக்கும் சோதிக்கக் கூப்பிடவில்லை. அம்மாவிடம், சீட்டில் ஏதோ கோளாறாம் என்று மட்டும் சொன்னேன். அதை வைத்துத்தான் அன்றைக்கு அவள் போனில் உன்னிடம், "நீ மாட்டின சீட்டுலதானே என் புள்ள உக்காந்திருந்தான்" என்றாள். நான் அதே அறையில் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒரு குஷன் என்ன செய்துவிடும் என்று நீ எனக்காக வாதாடுவாய் என்று தெரியும், அதனால் போன வாரம் சாப்பாட்டு மேசையில் செய்து பார்த்தேன். ஒரு பலகை, அதன் மேல் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சு, அதன் மேல் கனமான அகராதி, மூன்றையும் சேர்த்து நாடாவால் விரல் நுழையாதபடி இறுக்கிக் கட்டினேன். உள்ளங்கையால் அகராதியை ஒரு அழுத்து அழுத்தினேன். ஸ்பாஞ்சு அமுங்கியது, நாடா தொளதொள என்று ஆகிவிட்டது. ஸ்பாஞ்சு இல்லாமல் கட்டி எவ்வளவு அழுத்தினாலும் நாடா அசையவில்லை. அவ்வளவுதான் நடந்தது. இடித்த நொடியில் குஷன் அமுங்கி, பெல்ட்டெல்லாம் தளர்ந்து, அவன் கீழே சறுக்க, இடுப்பெலும்பில் இருக்க வேண்டிய பெல்ட் வயிற்றுக்கு ஏறிவிட்டது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற பாடம். நாடாவை அவிழ்க்காமல் அப்படியே மேசையில் வெகு நேரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த நாள் தொப்பிக்காரர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லி, எழுதியும் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் தண்ணீர் கொடுத்தார். அம்மாவிடம் நேற்றுக் காலை சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும், "பெரியவகிட்ட சொன்னீங்களா?" என்றாள். இல்லை என்றேன். "நாலு மாசம் என்னை அவளைப் பேச விட்டுட்டு நீங்க சும்மா உக்காந்திருந்தீங்க" என்றாள். அதோடு சரி. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். அது நியாயம்தான். நீயும் என்னிடம் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு, நான் மன்னிப்புக் கேட்டு உன்னை இன்னொரு சங்கடத்தில் மாட்டிவிடப் போவதில்லை. ஆனால் உன் வேலைக்குத் திரும்பிப் போ. அந்த மெக்கானிக் போன வாரம்கூட, "உங்க பொண்ணு எப்ப வந்தாலும் நம்ம பட்டறைக்கு அனுப்புங்க சார்" என்றான். வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே.

இந்தக் கடிதத்தை மேலே உள்ள வரி வரைக்கும் அம்மா நின்றுகொண்டே படித்தாள். படித்துவிட்டு, "நான் போன்ல அப்படிச் சொல்லவே இல்லைன்னு எழுதுங்க" என்றாள். "சொன்னியே" என்றேன். "சொன்னேன். சொல்லலைன்னு எழுதுங்க" என்றாள். இனிமேல் பொய் எழுத என்னால் ஆகாது, நீயே அவளிடம் பேசு என்றேன். அவளுக்கு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

நீ நன்றாக இருக்க வேண்டுமம்மா, உன் கைக்கு எப்போதும் வேலை இருக்க வேண்டும், பட்ட துக்கமெல்லாம் இத்தோடு போதும். இது கிடைத்ததும் ஒரு நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூப்பிடு. நான் எடுக்க மாட்டேன், அம்மாதான் எடுப்பாள். எடுத்தாலும் கொஞ்ச நேரம் அவளிடமிருந்து சத்தமே வராது. லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடாதே.

இப்படிக்கு,
அப்பா